ரங்கூன் சட்டி

சுல்தானுக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்ற ஞாபகம் வீட்டில் விசேஷம் வந்தால்தான் வரும். விசேஷம் என்றால் சூப் வேண்டும், சூப் என்றால் சுலைகா வேண்டும். மற்ற நாட்களில் அவள் குடியிருக்கும் சந்து விருதுநகரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால்கூட அவனுக்குச் சொல்லத் தெரியாது.

அன்றைக்குக் கார் சந்துக்குள் நுழையாததால் முனையிலேயே இறங்கி, சாக்கடைத் தண்ணீர் பட்டுவிடாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தர் மணக்க அவன் நடந்து வந்ததைச் சுலைகா வீட்டுக்குள் இருந்தே பார்த்தாள். அவள் மடியில் யாருடைய கல்யாணப் பத்திரிகைகளோ கிடந்தன. சிவகாசியில் அச்சடித்த அட்டைகளை ஏஜெண்டு ஒருவன் ஆமத்தூர் வழியாக வண்டியில் கொண்டுவந்து போடுவான். அவற்றை மடித்து, உறை ஒட்டி, ஓரத்தில் பட்டுநூல் குஞ்சம் கட்டிக் கொடுப்பதுதான் அவளுக்கும் மகள் பர்ஹத்துக்கும் பிழைப்பு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஊரார் வீட்டுக் கல்யாணங்கள்தான் அவர்களுக்குச் சோறு போட்டன.

"வாராரு பாரு, ராவுத்தர் வீட்டு வாரிசு," என்றாள் மகளிடம். "எவனுக்கோ சூப்பு வேணும்போல."

சுல்தான் உள்ளே வந்தான். பர்ஹத் எடுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு தரம் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். அக்கா வீட்டு நாற்காலியில் அப்படி என்ன அழுக்கைக் கண்டானோ, துடைத்த கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"அக்கா, சௌக்கியமா இருக்கீகளா? வரணும் வரணும்னு நெனைக்கிறதுதான். மண்டியில மிளகா சீசன், தலை நிமிர முடியல."

"விசயத்தைச் சொல்லு."

சொன்னான். மகள் தஸ்லிமாவுக்கு மதுரையில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் அத்தா சாபிர், பாத்திரக்கடை முதலாளி, நாக்கு நீளமான மனிதர். அவரிடம் சுல்தான் வழக்கம்போல் ரங்கூன் சூப்பின் பெருமையை அளந்துவிட்டிருக்கிறான். அந்தச் சூப்பைக் குடித்துவிட்டுத்தான் முதல் பத்திரிகையைக் கையில் வாங்குவேன் என்று அவரும் சொல்லிவிட்டாராம்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் விருந்து. நீங்க வந்து கை வச்சாத்தான் அது சூப்பு. நம்ம வீட்டு மானமே உங்க கையிலதான் இருக்குக்கா."

'நம்ம வீடு' என்று அவன் சொன்னதும் சுலைகாவுக்குச் சிரிப்பு முட்டியது. அந்த வீட்டின் வாசல் வழியாக அவள் கடைசியாக உள்ளே போனது எப்போது என்று அவளுக்கே ஞாபகமில்லை. கூப்பிட்டால் கொல்லைக் கதவு வழியாகப் போவாள், காரியம் முடிந்ததும் அதே வழியாகத் திரும்பி வருவாள். ஆனாலும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். இந்தத் தடவை அவளுக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

"வாரேன். ஒண்ணு மட்டும் எனக்குச் செய்யணும். பத்திரிகையில எங்க அம்மா பேரு வரணும். மௌத்தானவ, அதனால மர்ஹூமான்னு போட்டு அவ பேரு. அவ மகள் சுலைகான்னு என் பேரு. ஒத்தை வரி போதும்."

அவள் ஆசைக்குக் கேட்கவில்லை. பர்ஹத்தைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வந்துதான் முகம் சுளித்தார்கள். பெண்ணின் அம்மா யார்? முகைதீன் ராவுத்தருடைய ரங்கூன்காரி பெற்றவள். அந்த ரங்கூன்காரியை ராவுத்தர் நிக்காஹ் முடித்தாரா, சும்மா வைத்திருந்தாரா? கேள்வி அதோடு நின்றுவிடும், வந்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ராவுத்தர் வீட்டுப் பத்திரிகையில் அந்த வரி ஒரு தரம் ஏறிவிட்டால் ஊர் வாய் மூடிக்கொள்ளும். இதற்கு முன்னால் அந்த வீட்டில் நடந்த கல்யாணங்களில் எல்லாம் அவள் சூப் வைத்துக் கொடுத்தாள், ஒரு பத்திரிகையிலும் அவள் பெயர் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்காமல் இருந்தாள். இப்போது மகளுக்காகக் கேட்டுவிட்டாள்.

"இதெல்லாம் ஒரு விசயமாக்கா? மொத வரியிலயே போட்டுருவோம். பிரஸ்ஸுக்கு நானே நேர்ல போறேன். அல்லா மேல ஆணை." சுல்தான் எழுந்துவிட்டான். அதற்குள் அவன் செல்போன் வேறு பாட்டுப் பாட ஆரம்பித்துவிட, பேசிக்கொண்டே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

சுலைகா நம்பினாள். சின்ன வயதிலிருந்து பார்த்துவரும் ஆளை, மாம்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை அவள் பாயின் அடியில் ஒளித்துவைத்து அடி வாங்கிக் கொடுத்த ஆளை, அவள் நம்பினாள். அதற்கு அவளை நாலு வார்த்தை கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெண்ணைப் பெற்றவள் எதையாவது நம்பித்தானே ஆக வேண்டும்.

அந்தச் சூப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சுல்தான் சொல்கிற கதை வேறு, நடந்தது வேறு.

சுல்தானுக்கும் சுலைகாவுக்கும் தகப்பனாரான முகைதீன் ராவுத்தர் ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். விருதுநகரில் சுல்தானின் அம்மா இருக்க, அங்கே ஒரு பர்மியப் பெண்ணைக் கலிமா சொல்ல வைத்து, மைமூன் என்று பெயரிட்டு, நாலு பேர் முன்னால் நிக்காஹ் செய்துகொண்டார். அந்த நாலு பேரும் ரங்கூனிலேயே இருந்துவிட்டதுதான் பிற்பாடு வினையாகப் போயிற்று. அறுபதுகளில் அங்கே கடைகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது ஒரு டிரங்குப் பெட்டி, மைமூன், சிறுமி சுலைகா ஆகிய மூன்றோடு கப்பலேறி வந்து சேர்ந்தார். மைமூன் கையில் ஒரு தகரடப்பா. அதில் எலுமிச்சை வாசம் அடிக்கிற புல் ஒரு கொத்து. அவளுக்குக் கொல்லைச் சமையலறை ஒதுக்கப்பட்டது.

அவள் ஊரில் காலையில் எழுந்ததும் மீன் போட்டு வைத்த சூப்பைக் குடிப்பார்கள். வாழைத்தண்டு, வறுத்த கடலைமாவு, இடித்த கூனிக் கருவாடு, அந்தப் புல் எல்லாம் அதில் உண்டு. விருதுநகர்க் கரிசலில் ஆற்று மீனுக்கு எங்கே போவது? மீன் இல்லாமலே வைத்தாள், சப்பென்று இருந்தது. வீட்டில் வழக்கமாக வைக்கும் எலும்புச் சாறு, ஆட்டெலும்பு ஆணம், பக்கத்து அடுப்பில் மிளகு மணக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் இரண்டு கரண்டி அள்ளி ஊற்றிக் கலக்கினாள். ராவுத்தர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

ஆனால் மூத்தவளுக்குக் கூனிக் கருவாட்டு நாற்றம் ஆகாது. தன் தேக்சாவில் அந்தக் கண்றாவி விழக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதனால் எலும்பாணம் பெரிய தேக்சாவில் தனியாக, ரங்கூன் சாமான் மண்சட்டியில் தனியாக என்று ஆயிற்று. சாப்பிடும் நேரத்தில் ராவுத்தரே சட்டியைத் தூக்கித் தேக்சாவில் ஊற்றிச் சேர்ப்பார். இரண்டு பெண்டாட்டிக்கும் பொதுவாக இருப்பதாக அவருக்கு நினைப்பு. இரண்டு பெண்களின் சண்டையில் பிறந்த ஏற்பாடு இது. ராவுத்தர் மௌத்தான பிறகு இதுவே குடும்ப வழக்கமாகிவிட்டது. விருந்தாளிகள் முன்னால் வீட்டு மூத்த ஆண்பிள்ளை பிஸ்மி சொல்லிச் சட்டியைத் தேக்சாவில் சேர்க்க வேண்டும். விறகு ஊதிக் கண் சிவந்தவர்கள் உள்ளே இருப்பார்கள். ஊற்றுகிற நொடிக்கு மட்டும் கை கொடுத்த சுல்தானைப் பார்த்து எல்லாரும் மாஷா அல்லாஹ் சொல்வார்கள்.

ஊற்றுவதற்கு முன்னால் அவன் ஒரு கதை சொல்வான். அந்தக் கதையில் அத்தா ஒரு பர்மா ராஜாவின் அரண்மனைச் சமையல்காரனிடம் இந்தச் சூப்பைக் கற்றுக்கொண்டார். பர்மாவில் ராஜா ஒழிந்து அதற்குள் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சுல்தானுக்காக அவர் திரும்பி வந்து அரியணை ஏறியிருந்தார். போன விருந்தில் ராஜாவுக்கு ஒரு யானையும் சேர்ந்திருந்தது. கதையில் யானைக்கு இடம் இருந்தது, மைமூனுக்கு இல்லை.

ராவுத்தர் போனதும் மூத்தவள் முதல் காரியமாக மைமூனை வெளியே அனுப்பினாள். அவள் தகரடப்பாவோடு மகள் வீட்டுக்கு, இந்தச் சந்துக்கு வந்துவிட்டாள். இங்கேயே கண்ணை மூடினாள். பள்ளிவாசலில் மைக்கில் சொன்னபோதும், 'முகைதீன் ராவுத்தர் வீட்டில் மௌத்' என்றுதான் சொன்னார்கள். புல் மட்டும் சுலைகாவின் குழாயடியில் இன்னும் தழைத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே சுலைகாவும் பர்ஹத்தும் கொல்லைக் கதவு வழியாகப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்கள். நல்லி எலும்பு கொதிக்க ஆரம்பித்ததும் சுலைகா வாழைத்தண்டோடு உட்கார்ந்தாள். வட்டம் வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வட்டத்திலும் வருகிற நாரை விரலில் சுற்றி இழுத்தெடுத்து, மோர்த்தண்ணீரில் போட்டாள். பர்ஹத் கடலைமாவைக் கருகவிடாமல் வறுத்தாள். கூனியை வறுத்து இடித்தார்கள். வெங்காயத்தை நல்லெண்ணெயில் பழுப்பாகும்வரை வதக்கி, புல்லை முடிச்சுப் போட்டுச் சட்டியில் இறக்கினார்கள். மாவைக் கரைத்து ஊற்றிய பிறகு கிண்டுகிற கையை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் அடிப்பிடிக்கும்.

சுல்தானின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கழுத்து கொள்ளாத நகை. மாமியாரிடம் இருந்து நகையோடு மூக்கைப் பொத்துகிற பழக்கமும் அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"மதினி, சம்பந்தி வீட்டு ஆளுக வந்ததும் நீங்க முன்னாடி வந்துராதீக. சேலையெல்லாம் புகை அடிச்சுக் கெடக்கு பாருங்க. ஒங்களுக்குச் சாப்பாடு இங்கனயே அனுப்பிடுதேன்."

"சரிம்மா," என்றாள் சுலைகா. அவளுக்கு அன்று எதுவும் உறைக்கவில்லை. முன்னறைக்கு அவள் ஏன் போக வேண்டும்? பத்திரிகையில் ஏறி அவள் பெயரே போய்விடுமே.

பத்து மணி போல சிவகாசியில் இருந்து இராமகிருஷ்ண அண்ணாச்சி வந்தார். அச்சக முதலாளி. எம். புதுப்பட்டியில் பட்டாசு ஃபேக்டரியும் உண்டு. பத்திரிகைக் கட்டுகளைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அடுத்த நிமிஷம் தஸ்லிமா மருதாணிக் கையோடு சமையலறைக்கு ஓடி வந்தாள். அந்த வீட்டில் காரியம் எதுவும் இல்லாமல் சுலைகாவை உறவு சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அந்தப் பெண்தான்.

"மாமி, பத்திரிகை வந்துருச்சு! எம்புட்டு அழகா இருக்கு பாருங்க."

சுலைகா கரண்டியைப் பர்ஹத்திடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவி, சேலையில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினாள். தடித்த அட்டை, தங்க எழுத்து. முதல் வரியைப் பார்த்தாள். இல்லை. சரி, கீழே இருக்கும் என்று பெயர்ப் பட்டியலுக்கு வந்தாள். சுல்தானின் மச்சினன்மார், மச்சினிகள், மலேசியாவில் எங்கோ இருக்கிற ஒன்றுவிட்ட மாமு, மிளகாய் மண்டிக் கூட்டாளிகள் எல்லாரும் இருந்தார்கள். லாரி புரோக்கர் ஒருவனுக்குக்கூட 'அன்பு நண்பர்' என்று ஒரு வரி. பட்டியல் முடிந்த இடத்தில், வலது ஓரத்தில், ஒரு ரோஜாப்பூ.

அந்தப் பூ எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வருஷக்கணக்காகக் குஞ்சம் கட்டுகிறவள். பெயர்கள் பற்றாமல் போய் இடம் வெறிச்சோடினால் அச்சகத்தில் பூவை வைத்து அடைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து இராமகிருஷ்ண அண்ணாச்சி வாசம் பிடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் வந்தார். "யம்மா, வாசம் தெருமுனை வரைக்கும் தூக்குதே! பாய் சொன்ன சூப்பு இதுதானா?"

"அண்ணாச்சி, இந்தப் பூவு எதுக்கு?" என்று கேட்டாள் சுலைகா.

"அதுவா? ரெண்டு வரி எடம் மிச்சம் விழுந்துச்சு. பேரு ஏதும் விட்டுப்போச்சான்னு பாய்க்குப் போன் போட்டேன். எல்லாம் வந்துருச்சு அண்ணாச்சி, பூ கீ வச்சு நெரப்புங்கன்னாரு." அவர் பெருமையாகச் சிரித்தார். "ரோஸ் கலர் நல்லா விழுந்துருக்குல்ல?"

"நல்லா விழுந்துருக்கு," என்றாள் சுலைகா.

இடமில்லாமல் விட்டிருந்தால்கூட அவள் மனசு ஆறியிருக்கும். இரண்டு வரி இடம் இருந்திருக்கிறது. கேட்டும் இருக்கிறார்கள். லாரி புரோக்கருக்கும் ரோஜாப்பூவுக்கும் அடுத்தபடியாகக்கூட அவள் அம்மா அந்த வீட்டுக்கு வேண்டாதவளாக இருக்கிறாள். அடுப்புச் சூட்டில் நின்ற சுலைகாவுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. இந்த ஆளிடமா போய்க் கெஞ்சினோம் என்று தன்மேலும் கொஞ்சம் வந்தது.

பர்ஹத் அட்டையை வாங்கிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "உப்பை அள்ளிப் போடும்மா. ரெண்டுலயும் போடு. குடிச்சுச் சாகட்டும்."

"சீ, அது அவன் செய்யுற வேலை," என்றாள் சுலைகா. "சோத்துல கை வைக்கக்கூடாது."

அவள் எலும்பாணத்தைச் சுவைத்துப் பார்த்தாள், கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டாள், உப்பைச் சரிபார்த்தாள். அந்தத் தேக்சாவில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு மண்சட்டியை இறக்கி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, சூடு படாமல் பழந்துணி சுற்றி மகள் இடுப்பில் ஏற்றிவைத்தாள்.

"கொல்லை வழியாப் போ. ஆட்டோ பிடிச்சு நேரா வீட்டுக்குப் போயிரு. தணல்ல வச்சுக் கிண்டிக்கிட்டே இரு, அடிப்பிடிச்சுறாம."

"நீ வரலையா?"

"நான் முன்வாசல் வழியா வாரேன்."

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். சர்பத் போயிற்று, சமோசா போயிற்று. பெரிய கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்ததும் வேலையாட்கள் இரண்டு பேர் வந்து தேக்சாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுலைகா வெறுங்கையோடு அவர்கள் பின்னாலேயே நடந்தாள்.

சுல்தான் எழுந்து நின்று கதையின் நடுவில் இருந்தான். ராஜா வந்துவிட்டார், யானையும் வந்துவிட்டது. சம்பந்தி சாபிர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். கதை முடிந்ததும் சுல்தான் சட்டைக் கையை மடித்துவிட்டு, பிஸ்மி சொல்லி, திரும்பிப் பார்க்காமலே இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினான். ஒவ்வொரு தடவையும் யாராவது அந்தக் கைகளில் சட்டியை வைப்பார்கள். யார் வைத்தார்கள் என்று அவன் பார்த்ததே கிடையாது. இந்தத் தடவை கைகள் நீட்டியபடியே நின்றன. கொஞ்ச நேரம் எல்லாரும் அந்தக் கைகளையே பார்த்தார்கள்.

அவன் திரும்பினான். "சட்டி எங்க?" என்று பல்லுக்குள் கேட்டான்.

"யாரு பாய் இவுக?" என்றார் சாபிர்.

"சமையலுக்கு வந்த அம்மா," என்றான் சுல்தான். யோசிக்கக்கூட இல்லை, தயாராக வைத்திருந்தவன் மாதிரி வாயிலிருந்து விழுந்தது.

"உள்ள உங்க பொண்ணு மாமின்னுல்ல கூப்பிட்டுச்சு?" என்றார் இராமகிருஷ்ண அண்ணாச்சி. பாவம், அந்த மனிதர் எங்கே போனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறவர்.

சுலைகா சாபிரைப் பார்த்துத்தான் பேசினாள். "இந்த சூப்புக்கு ரெண்டு பங்கு உண்டு, அண்ணே. இந்த வீட்டுப் பங்கு அம்புட்டும் தேக்சாவுல இருக்கு. எலும்பு, மிளகு, உப்பு, ஒண்ணும் குறையல. நல்லாச் சாப்பிடுங்க. இன்னொரு பங்கு எங்க அம்மாவோடது. அவ இந்த வீட்டு ஆளு இல்லைன்னு பத்திரிகையில தெரிஞ்சுபோச்சு. அதனால அதை எங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டேன்."

சுல்தானின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்துவதை மறந்து வாயைப் பொத்தினாள். சுலைகா ஜமுக்காளத்தின் ஓரமாக நடந்து, முன்வாசலில் கிடந்த செருப்புக் கூட்டத்தைத் தாண்டி, தெருவில் இறங்கினாள். அவளுடைய செருப்பு கொல்லைக் கதவருகே கிடந்தது. கிடக்கட்டும் என்று வெறுங்காலோடு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது சட்டி தணலில் இருந்தது. அதில் ஊற்ற அவளிடம் ஆட்டெலும்பு ஆணம் இல்லை. பர்ஹத் கடைக்குப் போய்க் கொஞ்சம் கோழியெலும்பு வாங்கிவந்து, கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைச் சேர்த்திருந்தாள். வாசம் சந்து முழுக்கப் போய், கூப்பிடாமலே ஆட்கள் தம்ளரோடு வந்து நின்றார்கள். எதிர்வீட்டுப் பாலம்மாள் முதல் கிண்ணத்தை வாங்கினாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து ஓய்ந்தவள். இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருப்பதால் இன்றைக்கு இதைத் தொடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பூக்குழி அடுத்த மாதந்தானே என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

"ஏ யம்மா," என்றாள். "மைமூனு கைப்பக்குவம் அப்பிடியே இருக்குடி. அந்த மகராசி போயி எம்புட்டு வருசமாச்சு, நாக்கு மறக்க மாட்டேங்குது பாரேன்."

சுலைகா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெயரை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிண்ணங்கள் நிறைந்துகொண்டிருந்தபோது சுல்தான் வந்தான். இந்தத் தடவை வேட்டியைத் தூக்கிப் பிடிக்க மறந்துவிட்டான், ஓரமெல்லாம் சாக்கடை. அத்தரை மீறி வியர்வை நாறியது. நாற்காலி யாரும் போடவில்லை. கையில் ஒரு பத்திரிகையும் பேனாவும் இருந்தன.

"அக்கா, என்னை மன்னிச்சுக்கங்க. சம்பந்தி கோப்பையைக் கவுத்து வச்சுட்டு உக்காந்துருக்காரு. சூப்பு வந்தாத்தான் பத்திரிகையைத் தொடுவேங்காரு. அண்ணாச்சிகிட்டப் பேசிட்டேன். அம்புட்டையும் திரும்ப அடிச்சுத் தாரேன்னுட்டாரு. பூவை எடுத்துட்டு அந்த எடத்துல சின்னம்மா பேரைப் போட்டுருவோம். இந்தா, உங்க முன்னாலயே எழுதித் தாரேன், சட்டியை மட்டும் குடுங்க."

பர்ஹத் அம்மாவைப் பார்த்தாள். இனி அவளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் டீயை முழுதாகக் குடிக்கலாம். ஒரே ஒரு வரிதான். சுலைகாவும் அதைத்தான் நினைத்தாள். சட்டி இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அவள் கரண்டியை வைத்துவிட்டாள். கொடுத்துவிடலாம் என்றுதான் மூடியைத் தேடினாள்.

சுல்தான் பத்திரிகையைச் சுவரில் வைத்து, பேனாவைத் திறந்து, 'மர்ஹூமா' என்று எழுதினான். பேனா அங்கேயே நின்றது. அவன் திரும்பினான்.

"சொல்லுங்கக்கா. ரங்கூன் சின்னம்மா பேரு என்னது?"

இத்தனை வருஷமாக அவன் அந்தப் பெயரை வேண்டுமென்றே மறைக்கிறான் என்று சுலைகா நினைத்திருந்தாள். வெட்கப்படுகிறான், சொத்தில் பங்கு கேட்டுவிடுவாள் என்று பயப்படுகிறான் என்றெல்லாம் நினைத்து அவனைத் திட்டியிருந்தாள். மறைப்பதற்கும் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே. அன்றைக்கு அல்லா மேல் ஆணையிட்டுவிட்டுப் போனானே, என்ன பெயர் என்று கேட்டானா? கேட்கவில்லை. அவளுக்கும் அது அப்போது தோன்றவில்லை. ஒரே கூரையின் கீழ் அவனுக்குக் குடிக்கக் கொடுத்து வளர்த்த பொம்பளை, அவனுக்கு ஒரு சட்டியின் பெயராக மட்டும் இருந்திருக்கிறாள்.

பாலம்மாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சுலைகா நிரம்பிய கிண்ணத்தை அவள் கையில் திணித்தாள். "நீ குடி மதினி, ஆறிப்போகுது."

பிறகு இன்னொரு கிண்ணத்தில் ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து, வதக்கிய வெங்காயம் தூவிச் சுல்தானிடம் நீட்டினாள். சந்தில் தம்ளரோடு நின்ற எல்லாருக்கும் எப்படிக் கொடுத்தாளோ அப்படியேதான் கொடுத்தாள். அவன் பேனாவும் பத்திரிகையுமாக இருந்ததால் வாங்கக் கை இல்லாமல் முழித்தான்.

"பேரு, அக்கா," என்றான் மறுபடியும். "சம்பந்தி காத்துக்கிட்டு இருக்காரு."

"அந்தப் பூவே இருக்கட்டும்லே, தம்பி," என்றாள் சுலைகா.

கிண்ணத்தைத் திண்டின் மேல் வைத்துவிட்டு, வரிசையில் அடுத்து நின்றவளின் தம்ளரை வாங்கினாள்.